வர்க்கிக்குத் திரும்பிய வீடு: மலைச் சமையலறையில் எதை முதலில் மாற்றுவது?

நீலகிரியில் கோத்தகிரி பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நான் ஈரோட்டில் வளர்ந்தவள். திருமணமாகி மலைக்கு வந்தேன். கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்த மாமியாருக்கு நீரிழிவும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு ஏழு வயது, பதினொரு வயது. பிஸ்கட், வர்க்கி (இங்கத்து பேக்கரிகளின் மொறுமொறு மைதா பலகாரம்), நூடுல்ஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முழுத்தானியம், வீட்டுப் பலகாரம் என்று ஒரே மாதத்தில் மாறப் பார்த்தோம். மாவு புளிக்கவில்லை, பயறு முளைக்கவில்லை, ராஜ்மா வேகவில்லை, மாமியாருக்கு வயிற்று உப்புசம். பழையபடி வர்க்கிக்கே வந்துவிட்டோம். இந்துப்பும் நாட்டுச்சர்க்கரையும் மட்டும் மிச்சம். மறுபடி எங்கிருந்து தொடங்குவது?"

மிச்சம் என்று சொன்ன இரண்டில் ஒன்றை இன்றைக்கே கைவிடுங்கள். இந்துப்பைத்தான் சொல்கிறேன். மழை அதிகமாகப் பெய்யும் மலைச்சரிவுகளில் மண்ணிலிருக்கும் அயோடின் நீரோடு கரைந்து போய்விடும். அந்த மண்ணில் விளையும் காய்கறியிலும் அது குறைவாகவே இருக்கும். முன்கழுத்துக் கழலை மலைப்பகுதிகளின் நோயாகப் பெயர் பெற்றதற்குக் காரணம் இதுதான். வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அயோடின் சேர்த்த சாதாரண உப்புதான் வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் இந்துப்பால் லாபமில்லை, அதுவும் சோடியம்தான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்குள் நிற்க வேண்டும் என்பதே கணக்கு. ஊறுகாயும் அப்பளமும் மிக்சரும் அந்தக் கணக்கில் சேரும். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். மாமியாரின் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்காதீர்கள். நாட்டுச்சர்க்கரையும் ரத்தத்தில் போய்ச் சர்க்கரையாகத்தான் நிற்கும். நிறம் பழுப்பாக இருப்பதால் மாமியாருக்கு இன்னொரு கரண்டி போடலாம் என்று ஆகாது.

அடுத்து, ராஜ்மா வேகாததும் மாவு புளிக்காததும் உங்கள் கைக்குறை அல்ல. நீங்கள் பின்பற்றிய குறிப்புகள் சமவெளிக்காரர்கள் எழுதியவை. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இன்னும் ஒரு டிகிரி குறைவு. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. பருப்பும் பயறும் மணிக்கணக்கில் கிடப்பது அதனால்தான்.

பிரஷர் குக்கரிலும் இதன் பாதிப்பு உண்டு. வெளியே காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், சமவெளியில் சுமார் 120 டிகிரியைத் தொடும் குக்கர் இங்கே அதைவிடச் சில டிகிரி குறைவாகவே நிற்கும். எனவே விசிலை எண்ணுவதை விட்டுவிடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். சமவெளிக் குறிப்பில் 20 நிமிடம் என்றால் உங்களுக்கு 24 அல்லது 25. ஊறவைப்பதும் அப்படித்தான். ராத்திரி குளிர்ந்த தண்ணீரில் போட்ட கொண்டைக்கடலை விடிந்தும் பாதிதான் ஊறியிருக்கும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு, இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து மூடி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஊறிவிடும்.

ராஜ்மாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் ஒரு புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் வரவழைக்கும். அது சிதைய நல்ல கொதிநிலை வேண்டும். இளஞ்சூட்டில் வெந்தால் நச்சு கூடவும் செய்யும். மலையில் ராஜ்மாவைத் திறந்த சட்டியில் வேகவைக்கவே கூடாது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில், விரலால் அழுத்தினால் மாவாகும் வரை வையுங்கள்.

இட்லி மாவுக்கு 28 முதல் 32 டிகிரி வெப்பம் பிடிக்கும். உங்கள் சமையலறை டிசம்பர் இரவில் அதில் பாதிகூட இருக்காது. உளுந்தோடு ஒரு கரண்டி வெந்தயம், அரைக்க வெதுவெதுப்பான தண்ணீர், பழைய புளித்த மாவில் ஒரு கரண்டி, இவற்றோடு பெரிய ஹாட் பாக்ஸ் ஒன்று போதும். அதில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடிக் கம்பளியைச் சுற்றி வையுங்கள். ஒரு முழுநாள் ஆனாலும் பொறுங்கள். சோடா உப்பைப் போட்டு அவசரப்படுத்த வேண்டாம். தயிருக்கும் அதே பெட்டிதான். முளைகட்டவும் அதே பெட்டிதான். ஆனால் காலையும் மாலையும் பயறை வெதுவெதுப்பான தண்ணீரில் அலச வேண்டும், பூஞ்சை வாடை வந்தால் எறிந்துவிட வேண்டும். முளைப்பயறைப் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் பச்சையாகத் தராதீர்கள். ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள்.

இனி வரிசை. மூன்று வேளைச் சாப்பாட்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். மாலை நான்கு மணியை மட்டும் பிடியுங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், ஷிப்ட் முடித்து வரும் கணவர், வெளியே பனிமூட்டம், அடுப்பில் தேநீர்: மைதாவும் சர்க்கரையும் வனஸ்பதியும் வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். குளிரில் பசி கூடுதலாகத் தெரியும். சூடாக, கைக்கு உடனே கிடைக்க வேண்டும். அதை 'ஆரோக்கியம்' என்ற பேச்சால் வெல்ல முடியாது, சூடான தட்டால்தான் வெல்லலாம். அவித்த வேர்க்கடலை, சுண்டல், உப்பும் மிளகும் தூவிய அவித்த உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி சேர்த்த சிவப்பு அவல் உப்புமா. அவல் ஏற்கெனவே வெந்த பொருள் என்பதால் உயரம் அதை ஒன்றும் செய்யாது. வாரத்தில் இரண்டு நாளில் தொடங்கி, அது பழகிய பிறகு மூன்றாவது நாளைச் சேருங்கள்.

வர்க்கியை அடியோடு விரட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. இந்த மலையின் ருசி அது. ஞாயிற்றுக்கிழமைத் தேநீரோடு ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். டப்பாவில் நிரப்பி வைக்க வேண்டாம். 'பழுப்பு ரொட்டி'யை நம்பி வாங்குகிறவர்கள் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் பெயர் சுத்திகரித்த கோதுமை மாவு என்றிருந்தால் அது மைதா, பழுப்பு நிறம் கேரமலின் கைங்கர்யம்.

மாலை நிலைத்த பிறகு கேழ்வரகுக்குப் போகலாம். நூறு கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் பத்து இருந்தால் அதிகம். நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் 2023-இல் தொடங்கியது. அதை வாங்கிப் பயன்படுத்துங்கள். சமையலை மாமியாரிடம் விடுங்கள். கேழ்வரகுக் களியும் அவரை உதக்கம் என்ற குழம்பும் இந்த மலையின் படகர் சமூகத்து வீடுகளில் தலைமுறைகளாக இருக்கும் இணை. கட்டி தட்டாமல் களி கிண்டும் பக்குவம் உங்கள் மாமியார் கையிலும் இருக்கக்கூடும். பிள்ளைகளுக்கு முதலில் தோசை மாவில் கால் பங்கு கலந்தால் போதும். புதிய சுவை ஒன்றைப் பிள்ளைகள் ஏற்கப் பத்துப் பதினைந்து முறைகூடச் சுவைக்க வேண்டியிருக்கும். முகம் சுளித்தால் அதட்டாமல் அடுத்த வாரம் மறுபடி வையுங்கள்.

ஆனால் 'கேழ்வரகு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது' என்பதை நம்பாதீர்கள். நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கூழ் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். மாமியாருக்குக் கூழ் வேண்டாம். சிறிய உருண்டைக் களி, அதைவிட அதிகமாக அவரையும் மேரக்காய் (சௌசௌ), பீன்ஸ் பொரியலும் என்று தட்டை நிரப்புங்கள். தேயிலை மலையில் சொல்லத் தயக்கமாக இருந்தாலும், சாப்பாட்டோடு தேநீர் கூடாது. அதிலுள்ள டானின் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தவிர்க்கும்படி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் சொல்கிறது. நான்கு மணித் தேநீருக்குத் தடையில்லை.

மாமியாரின் உப்புசத்துக்குக் காரணம் நார்ச்சத்து திடீரென்று கூடியதும், குளிரில் தண்ணீர் குடிக்காததும். ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் என்று போங்கள். சீரகம் போட்ட வெந்நீரைப் பிளாஸ்கில் ஊற்றிப் பக்கத்திலேயே வையுங்கள்.

மாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் மாதத்துக்கு வேண்டியதை மொத்தமாக அரைத்து வைக்காதீர்கள். கம்பு மாவு சில நாட்களிலேயே கசந்துவிடும். ஈரம் ஏறிய வேர்க்கடலையில் வளரும் பூஞ்சை கல்லீரலைக் கெடுக்கும். வெயில் இல்லாத வாரங்களில் தானியத்தை வெறும் சட்டியில் வறுத்து, முழுவதும் ஆறவிட்டு, பத்து நாளைக்கு மட்டும் அரைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

சோற்றின் அளவைக் குறைக்கத் தொடங்கும் வாரத்தில் மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பழைய அளவுச் சர்க்கரை மாத்திரை புதிய சாப்பாட்டுக்கு அதிகமாகிவிடலாம். நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் தெரிந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடி கொடுத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.