பின் இருக்கையைக் கழற்றி மாட்டுதல்: கேள்வி பதில்

வேளச்சேரி வாசகர்: மழைத் தண்ணீர் காருக்குள் புகுந்துவிட்டது. கதவுகளைத் திறந்துவைத்து வெயிலில் காய வைத்தும் நாற்றம் போகவில்லை. பின் இருக்கையைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

ஆம். தரைவிரிப்பு மேலே காய்ந்திருக்கும். இரைச்சலைத் தடுக்க அதன் அடியில் வைத்திருக்கும் தடித்த பஞ்சு எளிதில் காயாது. இருக்கையை எடுக்காமல் விரிப்பை உயர்த்த முடியாது. வாசனைப் புட்டி தொங்கவிடுவது வீண்செலவு.

முதலில் பெல்ட்டுகள் இருக்கும் நிலையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிறிய கார்களில், உட்காரும் மெத்தையின் முன்விளிம்புக்கு அடியில் இடமும் வலமும் ஒரு கம்பி வளையம் பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டியிருக்கும். கிளிப்புக்கு நேர் மேலே பிடித்து, ஒவ்வொரு பக்கமாக வெடுக்கென்று தூக்குங்கள். நடுவில் பிடித்து இழுத்தால் கம்பி வளையும். சில கார்களில் கிளிப்புக்குப் பதில் போல்ட் இருக்கும். வராவிட்டால் மல்லுக்கட்டாமல் டார்ச் அடித்துப் பாருங்கள்.

சாய்மானம் பொதுவாகக் கீழே போல்ட்டிலும் மேலே கொக்கியிலும் நிற்கும். போல்ட்டைக் கழற்றிவிட்டு நேராக மேலே தூக்க வேண்டும். மஞ்சள் நிற ஒயர் இணைப்பு கண்ணில் பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்காமல் அதைத் தொடக் கூடாது.

மதுரை வாசகர்: திரும்ப மாட்டிவிட்டேன். நடு இருக்கையின் பெல்ட் பூட்டைக் காணவில்லை!

மெத்தைக்கு அடியில் உறங்கிக்கொண்டிருக்கிறது. மறுபடி எடுத்து, பூட்டுகளை அதனதன் துளை வழியே வெளியே இழுத்துவிடுங்கள். மெத்தையின் பின்பக்கத்தை முதலில் சாய்மானத்துக்கு அடியில் செருகி, பிறகு முன்விளிம்பை முழங்காலால் அழுத்துங்கள். இரு பக்கமும் ‘டக்’ என்று கேட்க வேண்டும். கிளிப் உடைந்திருந்தால் புதிது வாங்குங்கள். கயிற்றால் கட்டி ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

ஈரோடு வாசகர்: பெல்ட் போல்ட் ஒன்று தொலைந்துவிட்டது. இரும்புக் கடையில் கிடைப்பதைப் போடலாமா?

கூடவே கூடாது. விபத்தின்போது பயணியின் இழுவிசையைத் தாங்குபவை இந்த போல்ட்டுகள். காரில் மற்றதெல்லாம் மில்லிமீட்டர் கணக்காக இருந்தாலும், பெல்ட் போல்ட் மட்டும் பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பார்வைக்கு அதே பருமனில் இருக்கும் 11 அல்லது 12 மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்தால் மரை அழிந்துவிடும். உங்கள் கார் மாடலுக்கான அசல் உதிரிபாகத்தையே கேட்டு வாங்குங்கள். முதலில் கையால் சில சுற்று திருகி, பிறகு சர்வீஸ் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள்.

திருப்பூர் வாசகர்: துணி மூட்டை ஏற்றப் பின் இருக்கையை நிரந்தரமாக எடுத்துவிடலாமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். பதிவுச் சான்றிதழில் இருக்கை எண்ணிக்கை பதிவாகியிருக்கிறது. அதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. சாய்மானத்தை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: மெத்தைக்கு அடியில் வட்டமான மூடி ஒன்று இருக்கிறது. திறந்து பார்க்கலாமா?

பல பெட்ரோல் கார்களில் அதற்குக் கீழேதான் பெட்ரோல் பம்ப். ஆசைக்குத் திறக்காதீர்கள், மெக்கானிக்குக்கு வேலை வரும்போது அவரே திறப்பார்.