இல்லத்துக்குக் கொடுக்கும் மாதப் பணத்தை நிறுத்தலாமா?

வணக்கம் சகோதரி. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இல்லத்தின் தலைவர்மீது கையாடல் புகார் கிளம்பியிருக்கிறது, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து மாதம் அனுப்பும் 50 வெள்ளியை (ரிங்கிட்டை) நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் தொடங்கிய தர்மம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது.

பணத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள், பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். புகார் தலைவர்மேல்தான், வயிறு பிள்ளைகளுடையது. அதே 50 வெள்ளிக்கு அரிசியும் பள்ளிச் சப்பாத்தும் வாங்கி நேரில் கொடுங்கள். பள்ளி வேன்காரரிடமே ஒரு பிள்ளையின் கட்டணத்தைக் கட்டலாம்.

அடுத்து, கணக்கைக் கேளுங்கள். இல்லம் சங்கமாகப் பதிவாகியிருந்தால், 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி ஆண்டுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்கைச் சங்கப் பதிவிலாகாவிடம் கொடுத்தாக வேண்டும். ஆகவே போன வருடக் கணக்கே இன்னும் தயாராகவில்லை என்று இழுத்தடித்தால் நம்பாதீர்கள். கணக்கு கைக்கு வந்தால் 'இதர செலவு' என்ற வரியை முதலில் பாருங்கள். சம்பளம், வாடகை, மளிகை எல்லாம் சிறு தொகையாக இருந்து அந்த ஒரு வரி மட்டும் வீங்கியிருந்தால் விளக்கம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படவே வேண்டாம். சமூக நல இலாகாவின் பதிவுச் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள்.

விசாரணை முடியும்வரை தலைவர் ஒதுங்கி நின்று, வெளித் தணிக்கையாளர் கணக்கைப் பார்க்க இல்லத்தின் செயலவை (நிர்வாகக் குழு) சம்மதித்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் மறுபடியும் பணம் அனுப்புவேன். மறுத்தால், வேறு இல்லத்தைத் தேடுவேன்.