மார்த்தாண்டத்து மாடியில் 400 மணி நேரம் பறந்த தம்பிக்கு

தம்பி, உன் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மார்த்தாண்டத்தில் வீட்டு மாடியில் கம்ப்யூட்டரும் ஜாய்ஸ்டிக்கும் வைத்து 400 மணி நேரம் சிமுலேட்டர் ஓட்டியிருக்கிறாய், விமானம் ஓட்டக் கற்க அமெரிக்காவில் பீனிக்ஸ் வந்து இரண்டு வாரம் ஆகிறது, அந்த 400-இல் கொஞ்சமாவது இங்கே கழியுமா, அப்பா ரப்பர் தோட்டத்தை அடகு வைத்து அனுப்பியிருப்பதால் இன்னும் நல்ல கருவி வாங்கி அறையிலேயே பழகினால் விமான வாடகை மிச்சமாகுமா என்று கேட்கிறாய். நான் நாகர்கோவில்காரன், இங்கே வந்து 14 வருஷம். வேலை சாஃப்ட்வேர், விமானம் ஆசைக்காகக் கற்றது. உன்னைப் போலவே சிமுலேட்டரில் ஊறிப்போய்த்தான் முதல் பாடத்துக்குப் போனேன், அதனால் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். வீட்டில் ஓட்டியதில் ஒரு நிமிஷம்கூடக் கழியாது. இங்கே பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு வழக்கமான வழியில் குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும், அது காகிதத்தில். எனக்கு 68 ஆனது. அரசு அங்கீகரித்த கருவியில், இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருந்து ஓட்டினால் அந்த 40-இல் இரண்டரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங், அதாவது வெளியே பார்க்காமல் மீட்டர்களை மட்டும் வைத்து ஓட்டும் தகுதி, வரும்போது தாராளம், நல்ல கருவி என்றால் 20 மணி நேரம் வரை ஒத்துக்கொள்வார்கள். விமானத்தைவிட அதன் வாடகையும் குறைவு, நீ மயங்குவாய். ஆனால் ஊருக்குத் திரும்பி கமர்ஷியல் லைசென்ஸாக மாற்றும் எண்ணம் இருந்தால் டிஜிசிஏ (இந்தியாவில் பைலட் லைசென்ஸ் கொடுக்கும் அரசு அமைப்பு) கேட்பது மொத்தம் 200 மணி நேரம், அதில் இன்ஸ்ட்ரூமென்ட் 10, அந்தப் பத்தில் ஐந்துக்கு மேல் சிமுலேட்டராக இருக்கக் கூடாது. பறந்த நேரத்தை எழுதும் லாக்புக்கில் எது எந்தக் கட்டத்தில் ஏறுகிறது என்பதை முதல் நாளிலிருந்தே நீயே பார், வேறு யாரும் உனக்காகப் பார்க்க மாட்டார்கள்.

இனி என் கதை. முதல் டேக் ஆஃப், செஸ்னா 172 என்ற ஒற்றை என்ஜின் சின்ன விமானம். அதே விமானத்தை வீட்டில் நூறு தடவை ஏற்றியிருக்கிறேன், 55 நாட் வந்ததும் மூக்கைத் தூக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். என்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்க உள்ளே தள்ளினேன், விமானம் இடது பக்கம் இழுத்தது, நான் கார் ஓட்டுகிற மாதிரி யோக்கை, அதாவது கைப்பிடியை, வலது பக்கம் திருப்பினேன். தரையில் ஓடும்போது அது எதற்கும் உதவாது, விமானம் பாட்டுக்கு ஓரத்து மண்ணைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. "ரைட் ரடர்! ரைட் ரடர்!" என்று கத்திவிட்டு இன்ஸ்ட்ரக்டர் தன் காலால் மிதித்து நேராக்கினார். ப்ரொப்பெல்லர் சுழற்சியும் அது பின்னால் தள்ளும் காற்றும் மூக்கை இடப்பக்கம் திருப்பும், வால் பக்கத்து நெட்டுப் பலகைதான் ரடர், அதன் பெடலை வலது காலால் மிதித்து அதைத் தாங்க வேண்டும். என் வீட்டு சிமுலேட்டரில் 'ஆட்டோ ரடர்' ஆன் ஆகியிருந்தது எனக்கே தெரியாது. இரண்டு வருஷம் என் காலுக்கு வேலையே இருந்ததில்லை.

அதைவிடப் பெரிய கெட்ட பழக்கம் கண்ணில் இருந்தது. திரையில் ஓட்டியவன் கண் எப்போதும் மீட்டர்களிலேயே இருக்கும், ஏனென்றால் அங்கே தகவல் தருவது அது ஒன்றுதான். மூன்றாவது பாடத்தில் இன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் பேசாமல் தன் ஜாக்கெட்டைக் கழற்றி டாஷ்போர்டு மேல் போட்டு மூடிவிட்டு, இப்போது ஓட்டு என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அடிவானம் என்ஜின் மூடிக்கு எவ்வளவு மேலே தெரிகிறது, காற்றுச் சத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா, சீட் கீழே நழுவுகிறதா, இதை வைத்தே ஓட்டலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருக்கும் பாரத்தைக் குறைக்கும் டிரிம் சக்கரமும் அப்படித்தான். வீட்டு ஜாய்ஸ்டிக்கை விட்டால் ஸ்பிரிங் அதை நடுவுக்கு இழுத்துக்கொள்ளும், ஆனால் விமானத்தில் டிரிம்மைத் திருப்பத் திருப்பக் கைக்கு வரும் பாரம் பையப் பையக் குறைந்து, ஒரு இடத்தில் இல்லாமலே போய்விடும். அந்த இடத்தை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வழியாக வள்ளியூருக்கு பைக்கில் போயிருக்கிறாயா? போயிருந்தால் உன் 400 மணி நேரத்தைவிட அதுதான் இங்கே உதவும். காற்றாலைகளுக்கு நடுவே போகும்போது காற்று ஒரு பக்கம் தள்ளும், நீ உன்னை அறியாமல் காற்றுப் பக்கம் சாய்ந்து ஓட்டுவாய், பக்கத்தில் ஒரு லாரி வந்து காற்றை மறைத்ததும் பைக் வெடுக்கென்று ஓடும். குறுக்குக் காற்றில் இறங்குவதும் ஏறக்குறைய அதுவே. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்க் காலால் ரடர் பிடிக்க வேண்டும். ரன்வே ஓரத்து ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) காற்றை மறைத்தால் அதே வெடுக்.

சரி, சிமுலேட்டரே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. மேகத்துக்குள் கதை தலைகீழ். வெளியே ஒன்றும் தெரியாதபோது உடம்பு பொய் சொல்லும். மெதுவான திருப்பத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் காதுக்குள் இருக்கும் திரவம் அடங்கிவிடும், நீ நேராகப் போகிறாய் என்று சத்தியம் செய்வாய். அங்கே மீட்டரை நம்புகிறவன்தான் பிழைப்பான், உன் பழைய பழக்கம் அங்கே காசாகும். இந்தக் கருவி பிரபலமானதே அதற்காகத்தான்: 1929-இல் எட்வின் லிங்க் தன் அப்பாவின் ஆர்கன் பட்டறையில் இருந்த காற்றுத் துருத்திகளை வைத்து ஒரு பொம்மை விமானம் செய்தார் (நம் கோவில் ஆர்மோனியத் துருத்தியை நினைத்துக்கொள்). பலர் அதை விளையாட்டுச் சாமானாகவே பார்த்தார்கள். 1934-இல் மோசமான வானிலையில் தபால் கொண்டுபோன ராணுவ பைலட்டுகள் விழுந்து செத்த பிறகுதான் ராணுவம் ஆறு கருவி வாங்கியது.

அதனால் புதுக் கருவிக்குக் காசு போடாதே, இருப்பதை வைத்துக்கொள். ஆட்டோ ரடரை அணை. பழைய ரடர் பெடல் கிடைத்தால் மட்டும் வாங்கு. பாடத்துக்கு முன்னால் புதிதாக எதையும் அதில் கற்காதே, பாடம் முடிந்த அன்று சாயங்காலம் அதையே திரும்ப ஓட்டிப் பார்: செக்லிஸ்ட், எந்த உயரத்தில் எங்கே திரும்பினோம், டவரிடம் என்ன சொன்னோம். ரேடியோவில் இவர்கள் பேசும் வேகம் முதலில் எழவும் விளங்காது, தினம் அரை மணி நேரம் காதில் போட்டுக் கேள். விமானத்தில் என்ஜின் ஓடும்போது யோசித்தால் அந்த யோசனைக்கும் வாடகை உண்டு. எம்-1 என்ற தொழிற்படிப்பு விசாவில் படிக்கும்போது பகுதிநேர வேலைக்கும் வழியில்லை, வரவு என்று ஒன்றும் கிடையாது.

கோடையில் பாடத்தை விடிகாலை 5 மணிக்குக் கேட்டு வாங்கு. பிற்பகல் 43 டிகிரியில் காற்று லேசாகி, கடல் மட்டத்திலிருந்து 1,500 அடியில் இருக்கும் ரன்வேயிலேயே விமானம் 5,000 அடி உயரத்தில் இருப்பது மாதிரி இழுத்து இழுத்து ஏறும், பாலைவனச் சூட்டில் தூக்கியும் போடும். அப்புறம், முந்தின ராத்திரி மரச்சீனியும் சாளைக் கறியும் வேண்டாம் மக்கா. நான் தின்றுவிட்டுப் போனேன். சீட்டைக் கழுவிக் கொடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது, அது எந்த லாக்புக்கிலும் ஏறவில்லை.