டாக்டரிடம் கேளுங்கள்: பேட்டரி வெடித்த கை

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒன்பது வயது. விடுமுறைக்கு வந்தவன், பரணில் கிடந்த பழைய செல்போன் பேட்டரியில் ஒயரைச் சுற்றி இடது கையில் பிடித்துக்கொண்டு, மறுமுனையைச் சுவர் பிளக்கில் செருகிவிட்டான். ‘சார்ஜ் ஏற்றினேன்’ என்கிறான். வெடித்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், உள்ளங்கை எல்லாம் வெந்துவிட்டன. ஆள்காட்டி விரலின் நுனி துண்டாகிவிட்டது. பதற்றத்தில் பேனா இங்க் ஊற்றினோம். நுனியை ஐஸ் டம்ளரில் போட்டு எடுத்துப்போனோம். ஒட்டவைக்க முடியாது என்றுவிட்டார்கள். இன்றோடு 18 நாள். புண் முழுக்க ஆறவில்லை. விரல்கள் உள்பக்கம் மடங்கியே கிடக்கின்றன. நீட்டினால் கத்துகிறான், அதனால் தொடுவதில்லை. ஆறிவிட்டால் கை தானாக வந்துவிடும் என்கிறார் என் நாத்தனார். உண்மையா? நாங்கள் செய்த தவறால்தான் விரல் போயிற்றா?

– ஒரு பாட்டி, திண்டிவனம் அருகே

பதில்: அம்மா, கடிதத்தின் அடியில் தொலைபேசி எண் எழுதியிருந்தீர்கள். நல்ல வேலை செய்தீர்கள். அவசரமாகச் சொல்ல வேண்டியதை அன்று மாலையே சொல்லிவிட்டேன். இது மற்ற பாட்டிகளுக்கும் நாத்தனார்களுக்கும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். விரலைப் பறித்தது பேட்டரி, நீங்கள் அல்ல. செல்போன் பேட்டரி 3.7 வோல்ட் சமாசாரம். அதற்குள் வெள்ளித்தாள் போன்ற அலுமினியத் தகடும் செம்புத் தகடும் கரிப்பூச்சோடு பாய் மாதிரி சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நடுவே எளிதில் தீப்பற்றும் திரவம். அதில் 230 வோல்ட் மின்சாரம் பாய்ந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் சூடேறி, வாயு பெருகி, வெடிக்கும். பிடித்திருந்த விரல்கள்தான் வெடியின் வாயில் இருக்கின்றன. அரிவாள்மனையில் அறுபட்ட விரலில் ரத்தக்குழாய் சீராக வெட்டுப்பட்டிருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்கலாம். வெடியில் அது நார்நாராகக் கிழிந்து, நசுங்கி, வெந்தும் போயிருக்கும். பெரும்பாலும் தைக்க இடமிருக்காது. உங்கள் டாக்டர் முடியாது என்றது கையாலாகாமல் அல்ல.

ஆனால் ஐஸ் டம்ளரை மறந்துவிடுங்கள். துண்டான விரல் ஐஸைத் தொட்டால் உறைந்து செத்துவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸின் மேல் வைக்க வேண்டும். கரும்பு பிழியும் இயந்திரம், நீர்மோட்டார் பெல்ட் என்று நம் ஊரில் விரல் போக வழிகளுக்கா குறைச்சல்?

இங்க் விஷயத்துக்கு வருகிறேன். இங்க், பற்பசை, தோசைமாவு, காபித்தூள், மஞ்சள் எல்லாவற்றையும் தீக்காயத்தின் மேல் பார்த்துவிட்டேன். அவற்றால் பயன் எதுவும் இல்லை. காயம் எவ்வளவு ஆழம் என்று நாங்கள் தோலின் நிறத்தைப் பார்த்துத்தான் கணிக்கிறோம்: இளஞ்சிவப்பா, வெளுப்பா, தோல்பையைப் போல் பழுப்பா என்று. நீலம் பூசிவிட்டால் எதைப் பார்ப்பது? வெந்த கையைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், அது போதும். ஐஸ்தண்ணீர் வேண்டாம். மோதிரம், காப்பு, மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு, எல்லாவற்றையும் வீக்கம் ஏறுவதற்குள் கழற்றிவிடுங்கள். சுத்தமான துணியால் மூடி 108-ஐ அழையுங்கள். டி.டி. எனும் டெட்டனஸ் தடுப்பு ஊசி போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். எலும்பு முறிவுக்கும் உலோகத் துணுக்குக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள். ஆனால் கரிப்பொடி எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. அதை மயக்கம் கொடுத்து, பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு கழுவிக் கழுவித்தான் எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் பச்சை குத்தியது போல் தோலுக்குள் நின்றுவிடும்.

இனி நாத்தனாருக்கு. ஆறினால் கை தானாக வந்துவிடாது. தானாக வருவது சுருக்கம்தான். உள்ளங்கைப் பக்கம் வெந்தால் குழந்தை விரல்களை மடக்கி வைத்துக்கொள்ளும், அதுதான் அதற்கு வலிக்காத நிலை. ஆறுகிற தோல் சுருங்கும் குணமுடையது. மடக்கி வைத்த இடத்திலேயே அது பூட்டுப் போட்டுவிடும். எட்டு மாதம் கழித்து என்னிடம் வந்த ஒரு சிறுவனுக்குக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு வடுவால் ஒட்டியிருந்தது, வாத்தின் கால் மாதிரி. பேனா பிடித்தான், அழகாகவே எழுதினான். மேசையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுக்கச் சொன்னேன். கை அகலவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத் தூக்கிக் குடித்தான். ‘ஒரு வருஷமா இப்படித்தான் டாக்டர் குடிக்கிறான்’ என்று அவன் அம்மா சாதாரணமாகச் சொன்னார். வேதனையில் நாள் கணக்கு தப்பிவிடுகிறது. வடுவை இசட் வடிவில் வெட்டித் திறந்து, தொடைத்தோலை வைத்துத் தைத்தோம். முதல் மாதமே இரவில் விரல் அகன்றபடி ஒரு மாவுக்கட்டுத் தட்டை வைத்திருந்தால் அந்த அறுவைக்கே தேவை வராமல் போயிருக்கலாம்.

ஆகவே உங்கள் பேரனுக்கு: மூன்று வாரத்துக்குள் ஆறாத தீக்காயம் தடித்த வடுவாகி நன்றாகச் சுருங்கும் என்பது எங்கள் அனுபவக் கணக்கு. 18 நாள் ஆகிவிட்டது. காத்திருக்காமல் பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டி, ஒட்டுத்தோல் வைக்க வேண்டுமா என்று நேரடியாகக் கேளுங்கள். ‘கட்டு மாற்றினால் போதும்’ என்றால் ஏன் என்றும் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது, பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கியது. கட்டைவிரலை விலக்கி, விரல்களை நீட்டி வைக்கும் தட்டை இரவு முழுக்கக் கட்டியிருக்க வேண்டும். பகலில் டாக்டர் சொல்கிற வலிமருந்தைக் கொடுத்து, அரை மணி கழித்து அவனே விரல்களை அசைக்கட்டும். நீங்கள் பிடித்து இழுக்க வேண்டாம். ஒட்டுத்தோல் வைத்தால் முதல் சில நாள் அது பிடிக்கும் வரை அசைக்கக் கூடாது, அதையும் அவர்களே சொல்வார்கள். காயம் மூடிய பிறகு சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுங்கள், சட்டைப் பொத்தானை அவனையே போடச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் தடவி வடுவை அழுத்தி நீவுங்கள். வடு அடங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். வளரும் பிள்ளையாதலால் எலும்பு நீளும், வடு நீளாது. பின்னால் ஒருமுறை திறந்துவிட நேரலாம்.

போன நுனிக்காக அதிகம் அழாதீர்கள். ஆள்காட்டி விரல் குட்டையான பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடுவிரலோடு கட்டைவிரலைச் சேர்த்துப் பிடிக்கப் பழகிவிடுகிறார்கள். காப்பாற்ற வேண்டியது கட்டைவிரலை.

கேள்வி: செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உப்பிய பேட்டரியை நெம்பும்போது புகைந்தது. விரல் நுனியில் மிளகளவு சிவப்பு. ஆனால் இரவெல்லாம் உயிர் போகிற வலி. இவ்வளவு சின்னக் காயத்துக்கு மருத்துவமனை போனால் சிரிக்க மாட்டார்களா?

– வாசகர், கரூர்

பதில்: சிரித்தால் சிரிக்கட்டும், போங்கள். காயத்துக்கும் வலிக்கும் பொருத்தமே இல்லாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. இந்த பேட்டரிகளில் உள்ள லித்தியம் உப்பு சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும். அது தோலை மேலாகச் சுட்டுவிட்டு நிற்காது. உள்ளே இறங்கிச் சதையில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நன்றாகத் தண்ணீரில் கழுவிவிட்டு, ‘பேட்டரிப் புகை பட்டது’ என்ற வார்த்தையைச் சொல்லிக் காட்டுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சூட்டுக்கொப்புளம் என்று களிம்பு எழுதிவிடுவார்கள். இதற்கு கால்சியம் குளுகோனேட் ஜெல் தேவைப்படலாம். புகையை மூச்சில் இழுத்திருந்தால் இருமல் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். உப்பிய பேட்டரியை இனி கத்தியால் நெம்பாதீர்கள். வெளியே, மணல் நிரப்பிய இரும்பு வாளியில் தனியாகப் போட்டு வையுங்கள், மேசை டிராயரில் அல்ல.