நிற்கவைத்து பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள் – கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டருக்கு,

என் அம்மாவுக்கு 69 வயது. பாலக்கோடு பக்கம் கிராமத்தில் இருக்கிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு அக்கா வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார். இந்த வருஷம் இரண்டு தடவை ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தபோது விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. சேலத்துக்குக் கூட்டிப்போய் ஃபுல் பாடி செக்கப் செய்யலாம் என்கிறான் தம்பி. அதில் காரணம் தெரிந்துவிடுமா? ‘வயசானா விழத்தானே செய்வாங்க’ என்கிறார்கள் ஊரில்.

செ., ஓசூர்

அன்புள்ள செ.,

ஊரில் சொல்வதைத்தான் மருத்துவர்களும் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக முதியோர் மருத்துவர் மேரி டினெட்டி. அவருடைய ஆய்வு 1994-ல் வெளிவந்தது. விழக்கூடும் என்று கருதப்பட்ட, 70 வயதைத் தொட்டவர்களில் ஒரு குழுவினருக்கு மாத்திரைகளைச் சீர்செய்தார்கள், எழும்போது பிரஷர் இறங்குகிறதா என்று கவனித்தார்கள், கால் பலத்துக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஓராண்டில் அவர்களில் 35 சதவீதம் பேர் விழுந்தார்கள். இவை எதுவும் செய்யப்படாத குழுவில் 47 சதவீதம்.

ஃபுல் பாடி செக்கப்பில் ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் இருக்கும். ‘எழுந்து நடங்க, பார்க்கலாம்’ என்று சொல்பவர் பெரும்பாலும் இருக்கமாட்டார். உங்கள் அம்மாவுக்கு வேண்டியது அதுதான்.

முதலில் பிரஷர். வீட்டுக்கு வரும் அக்கா உட்காரவைத்துத்தான் பார்ப்பார், வழக்கமே அப்படித்தான். அதில் அளவு சரியாகவே இருக்கும். பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, எழுந்தவுடன் ரத்தக்குழாய்களைச் சுருங்கவைக்கும் நரம்புகள் தளர்ந்திருக்கலாம். ரத்தம் காலில் தங்கிவிடும், மூளைக்குப் போவது ஒரு நொடி குறையும், கண் இருட்டும். எனவே ஐந்து நிமிஷம் படுக்கவைத்து ஒரு தடவை பாருங்கள். எழுந்து நின்றபின் ஒரு நிமிஷத்தில் ஒன்று, மூன்றாவது நிமிஷத்தில் இன்னொன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அந்த மூன்று எண்களையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தூக்க மாத்திரை, அரிப்புக்கும் சளிக்கும் கடையில் வாங்கிய மாத்திரை, சிறுநீர் அதிகம் போகவைக்கும் பிரஷர் மாத்திரை, இவற்றைத் தனியாகக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதை ராத்திரி சாப்பிடுகிறார் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். அந்த ஒரு மாற்றமே ராத்திரி பாத்ரூம் நடையைக் குறைக்கலாம்.

அடுத்து நடை. கைப்பிடியுள்ள நாற்காலி, அதிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு. வழக்கமான செருப்போடு, கைத்தடி பிடிப்பவர் என்றால் கைத்தடியோடு, எழுந்து கோடுவரை போய்த் திரும்பி வந்து உட்கார வேண்டும். செல்போனில் நேரம் பாருங்கள். ‘எழுங்க’ என்றதும் தொடங்கி, முதுகு நாற்காலியில் பட்டதும் நிறுத்துங்கள். 12 வினாடி அல்லது அதற்குமேல் ஆனால் விழும் அபாயம் அதிகம். ‘சீக்கிரம் சீக்கிரம்’ என்று விரட்டினால் கணக்கு கெட்டுவிடும். சோதனையிலேயே விழவும் கூடும். பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். நேரத்தைவிடத் திரும்பும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே தடுமாறினால் உடல் சமநிலை குறைந்திருக்கலாம். கையூன்றாமல் எழ முடியாவிட்டால் தொடையில் பலமில்லை என்று பொருள். தருமபுரி மாவட்டத்தில் புளோரைடு மிகுந்த போர்த் தண்ணீரை வெகுகாலம் குடித்தவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகியிருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தொடைக்குப் பலம், தினசரி நடையில் மட்டும் வராது. நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து உட்காருவது, சுவரைத் தொட்டபடி ஒரு காலுக்கு முன் மறுகாலை வைத்து நிற்பது, இவற்றை வாரம் மூன்று நாளாவது செய்யட்டும். இப்படிப்பட்ட பயிற்சிகள் விழுவதை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைக்கின்றன. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபியும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று இத்திட்டம் தொடங்கியபோதே அது சேர்க்கப்பட்டிருந்தது. நம் ஆட்கள் அதைக் கேட்டு வாங்குவதில்லை.

கண்புரை இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில், கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை ராத்திரி எரியும் விளக்கு, நிலைப்படி ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் கோடு, பாத்ரூம் சுவரில் ஸ்க்ரூ அடித்த கைப்பிடி. டவல் கம்பி ஆள் எடை தாங்காது. பாலிஷ் போட்ட கிரானைட் தரை ஈரமானால் வழுக்கும். அடிதேய்ந்த ரப்பர் செருப்பை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். எழும்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தைப் பத்துப் பதினைந்து தடவை மேலும் கீழும் அசைத்த பிறகு நிற்கட்டும்.

மறுபடி விழுந்துவிட்டால் பதறித் தூக்காதீர்கள். இடுப்பு வலித்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் நிற்கவைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.