கூடைப்பந்து 'நான்-கான்டாக்ட்' (உடலோடு உடல் படாத) விளையாட்டுதானா?

பெயருக்கு அப்படிச் சொல்வார்கள். ஆட்டத்தைப் பார்த்தால் இல்லை. விளையாட்டு மருத்துவத்தில் உடல் எவ்வளவு படுகிறது என்பதை வைத்து விளையாட்டுகளைப் பொதுவாக நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். மோதுவதே ஆட்டமாக இருப்பவை: ரக்பி, குத்துச்சண்டை. உரசல் தவிர்க்க முடியாதவை: கால்பந்து, கூடைப்பந்து. எப்போதாவது படுபவை: வாலிபால், பேஸ்பால். படவே படாதவை: டென்னிஸ், நீச்சல்.

ஆனால் படுகிறதா என்பதைவிட எப்படிப் படலாம் என்பதுதான் விஷயம். கால்பந்தில் பந்து எட்டும் தூரத்தில் இருந்தால் தோளோடு தோள் இடிக்கலாம். கையை விரித்துத் தள்ளினால் ஃபவுல். கவனக்குறைவுக்கு ஃப்ரீ கிக் மட்டும், எதிராளியின் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் பாய்ந்தால் மஞ்சள் அட்டை, அளவுமீறிய பலத்துக்குச் சிவப்பு. ரக்பியில் ஆளையே வீழ்த்தலாம், ஆனால் கைகளால் சுற்றிப் பிடிக்காமல் வெறும் தோளால் இடிக்கக் கூடாது. தோள்பட்டைக்கு மேலும் பிடிக்கக் கூடாது.

கூடைப்பந்தில் நீங்கள் நிற்கும் இடமும் அதற்கு நேர் மேலே உள்ள காற்றும் உங்களுக்குச் சொந்தம். தடுப்பவர் கையை நேராகத் தூக்கி நின்ற இடத்திலேயே குதித்தால், மோதியவர் மேல்தான் தவறு. கை முன்னால் சாய்ந்து மோதல் நடந்தால் தடுத்தவர் மேல். நடுவருடன் வரும் சண்டைகளில் பாதி இந்தச் சாய்வைப் பற்றித்தான்!

படி குறைந்தால் காயமும் குறையும் என்று நம்பிவிடாதீர்கள். வாலிபாலில் பிளாக் செய்து (வலையருகே குதித்துப் பந்தைத் தடுத்து) இறங்கும்போது, வலைக்கடியில் எதிரணிக்காரரின் பாதத்தை மிதித்துக் கணுக்கால் பிசகுவது சர்வசாதாரணம்.