வாயைத் திறக்கும் முன் பயத்தைச் சொல்லுங்கள்

பல்வலி பற்றிக் கேளுங்கள் என்றுதான் அறிவித்திருந்தேன். வந்ததைப் படித்தால், பாதிப்பேர் வலியை விட்டுவிட்டு அந்த நாற்காலியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். பல் மருத்துவராக இத்தனை வருடம் இருந்தும், பயத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக யாரும் என்னிடம் நேரில் பேசியதில்லை. அதனால் இந்த முறை முழுக்கப் பயம் பற்றிய கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்பது வயதில் எனக்கு ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். ஒருவர் காலைப் பிடிக்க, இன்னொருவர் தலையை அழுத்திப் பிடித்தார். அதன் பிறகு 32 வருஷமாகப் பல் டாக்டரிடம் போனதில்லை. இப்போது கீழ்க் கடைவாய்ப் பல் பாதி உடைந்து, ராத்திரியில் விண் விண் என்று தெறிக்கிறது. இரண்டு முறை கிளினிக் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். 41 வயதில் இப்படிப் பயப்படுவது அசிங்கமாக இருக்கிறது.
– தையல் தொழிலாளி, திண்டுக்கல்

இதில் அசிங்கம் ஒன்றுமே இல்லை, சகோதரி. அன்று பெரியவர்கள் செய்தது தவறு. அந்தத் தவறை ஒன்பது வயதுப் பிள்ளை ஏன் இன்னும் சுமக்க வேண்டும்? உங்கள் உடம்பு அதை மறக்கவில்லை, அவ்வளவுதான். பல் கிளினிக்குக்கு என்று ஒரு தனி வாசனை உண்டு. அதில் பெரும்பங்கு, தற்காலிகமாகப் பல் அடைக்கும் மருந்தில் கலக்கும் யூஜினால். கிராம்பு எண்ணெயில் இருக்கும் அதே பொருள். வாசல்படியில் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நெஞ்சு படபடக்கிறது, கால் தானாகத் திரும்புகிறது. நீங்கள் யோசித்து எடுத்த முடிவே இல்லை அது.

முதல் நாள் சிகிச்சைக்கென்று போகாதீர்கள், பேசுவதற்கு மட்டும் போங்கள். முன்னதாகப் போன் செய்து, கூட்டம் இல்லாத காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பயம் ஏறும் என்பதால் முதல் ஆளாகப் போவது நல்லது. உள்ளே போனதும் அந்தப் பெரிய நாற்காலியில் ஏறாமல், மேசைக்கு எதிரே இருக்கும் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து, “சின்ன வயசில் என்னைப் பிடித்து வைத்துப் பல் எடுத்தார்கள். எனக்கு ரொம்பப் பயம். இன்றைக்குப் பார்த்து மட்டும் சொல்லுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். இந்த வார்த்தைகள் காதில் விழுந்தால் நல்ல மருத்துவரின் கை தானாக மெதுவாகும். யாராவது சிரித்தால் எழுந்து வேறு இடம் போங்கள். உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

பயம் எதில் கூடுதல் என்பதையும் பிரித்துப் பாருங்கள். பல் பயத்தை அளக்க உலகமெங்கும் பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டும் என்ற நினைப்பு, வெளியே காத்திருப்பது, பல்லைக் குடைவது, சுத்தம் செய்வது, ஈறில் ஊசி என ஐந்தே விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 19-ம் அதற்கு மேலும் வந்தால் கடுமையான பயம் என்று கணக்கு. எனக்கு மொத்தத்தைவிட, எதில் 5 போட்டீர்கள் என்பதுதான் முக்கியம். ஊசிக்கு 2, குடையும் சத்தத்துக்கு 5 என்றால் காதில் பாட்டு மாட்டிக்கொள்ளச் சொல்வேன். எல்லாவற்றையும்விட ‘நிறுத்த முடியாமல் மாட்டிக்கொள்வேனோ’ என்பதுதான் பயம் என்றால் அதற்கு வழி வேறு.

உங்கள் விஷயத்தில் அதுதான் என்று நினைக்கிறேன். அதனால் கை சைகை பேசிக்கொள்ளுங்கள்: இடது கையைத் தூக்கினால் மருத்துவர் கருவியை வெளியே எடுத்துவிட வேண்டும். வாயில் எதையும் வைப்பதற்கு முன் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். கை தூக்குங்கள், அவர் நிறுத்துகிறாரா என்று பாருங்கள். கையைக் காட்டினால் நிற்கிறது என்பதை உடம்பு ஒருமுறை கண்டுகொண்டால் போதும், பலருக்கு அதன் பிறகு கையைத் தூக்கவே தேவைப்படுவதில்லை.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் அந்தப் பல்லை வேர் சிகிச்சை செய்து உறை போட்டுக் காப்பாற்றலாமா, எடுக்க வேண்டுமா என்று தெரியும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தாடை வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, எச்சில் விழுங்கவும் வாய் திறக்கவும் கஷ்டமாக இருந்தாலோ பயம், கூச்சம் எதையும் பார்க்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் இறங்கினால் மூச்சையே அடைக்கும்.

அம்மாவுக்கு 62 வயது. மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று வர மறுக்கிறார்.
– புதுக்கோட்டை

போகாது. மேல் பல்லுக்கு உணர்ச்சி தருவது முகத்துக்கான மூன்று கிளை நரம்பின் நடுக்கிளை. பார்வைக்கு உள்ள நரம்பு முற்றிலும் வேறு, அது கண்ணின் பின்னாலிருந்து நேரே மூளைக்குப் போகிறது. பல் விழும் வயதும் கண்ணில் புரை வரும் வயதும் ஒன்றாக இருப்பதால், ஊரில் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அம்மாவிடம் எதையும் மறைக்க வேண்டாம் என்பதற்காக இதையும் சொல்கிறேன்: மேல்தாடையில் ஊசி போட்ட பிறகு, மிக மிக அரிதாக, கொஞ்ச நேரம் எல்லாம் இரண்டாகத் தெரியலாம். மருந்தின் வேகம் குறைந்ததும் சரியாகிவிடும். சீழ் பிடித்த மேல் பல்லை அப்படியே விட்டால்தான் வீக்கம் கண் இமைவரை ஏறும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, காலையில் அழைத்து வாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்படி ஒன்று சாப்பிடுகிறார் என்று முன்கூட்டியே சொன்னால் போதும்.

மரத்துப்போகும் ஊசி போட்டும் எனக்கு வலித்தது. சொன்னதற்கு, “அதெல்லாம் உங்க பயம்” என்றார் டாக்டர். இனிமேல் எந்த டாக்டரை நம்புவது?
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

வலிக்கிறது என்று நீங்கள் சொன்னால் வலிக்கிறது. இதை எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பொதுவாகப் போடுவது லிக்னோகெயின் என்ற மருந்து. நரம்பின் உறையைத் தாண்டி உள்ளே போனால்தான் அது வேலை செய்யும். சீழும் வீக்கமும் உள்ள இடத்தில் திசு அமிலத்தன்மை அடைந்துவிடுவதால், உறையைத் தாண்டும் வடிவத்தில் இருக்கும் மருந்தின் அளவு குறைந்துபோகிறது. கொதிப்பில் இருக்கும் நரம்பும் எளிதில் அடங்காது. கீழ்த்தாடையில் இன்னொரு சிக்கல். அங்கே எலும்பு கெட்டி, மருந்து ஊறி இறங்காது. அதனால் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தைத் தேடித் தாடையின் பின்பக்கம் ஊசி போடுகிறோம். அந்த இடம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் தள்ளி இருக்கும். சில மில்லிமீட்டர் தவறினாலும் மரத்துப்போகாது. இதில் உங்கள் மனோதைரியத்துக்கு என்ன சம்பந்தம்?

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். கீழ்ப் பல்லுக்கு ஊசி போட்டு ஐந்து, பத்து நிமிடத்தில் அந்தப் பக்க உதடு பாதி தடித்ததுபோல் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால், “இன்னும் மரக்கவில்லை” என்று ஆரம்பிக்கும் முன்பே சொல்லுங்கள். இன்னொரு ஊசி போடலாம், பல்லுக்கும் எலும்புக்கும் இடையே நேரடியாகப் போடலாம், சீழை வெளியேற்றிவிட்டுச் சில நாள் கழித்துச் செய்யலாம். வழிகள் நிறைய இருக்கின்றன. ஒன்று மட்டும் மாறாது: ஊசி வலியைக் கொல்லும், அழுத்தத்தைக் கொல்லாது. பல் எடுக்கும்போது யாரோ தள்ளுவதுபோல் தெரியத்தான் செய்யும். கூர்மையாகக் குத்தினால் உடனே கை தூக்குங்கள்.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலின். மருந்து சீக்கிரம் கரைந்து போகாமல் இருக்க 80,000-க்கு ஒரு பங்கு சேர்த்திருப்பார்கள். சில நிமிடங்களில் அடங்கிவிடும். இதை ‘ஊசி ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க ஊசியே வேண்டாம் என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இதய நோய் இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுந்துவிடுகிறேன்.
– கல்லூரி மாணவி, கோவை

பொதுவாகப் பயத்தில் ரத்த அழுத்தம் ஏறும். உங்களைப் போன்றவர்களுக்குத் திடீரென்று இறங்குகிறது. அதனால் ‘உடம்பைத் தளர்த்திக்கொள்’ என்ற அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது. கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடித்து, முகம் சூடாவது தெரியும்வரை, அதாவது 10 முதல் 15 விநாடி வைத்திருங்கள். பிறகு அரை நிமிடம் விடுங்கள். ஐந்து முறை. வீட்டிலேயே ஒரு வாரம் பழகுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ஊசி போடும்போது நாற்காலியைப் படுக்கையாகச் சாய்த்துவிடச் சொல்லுங்கள். படுத்திருப்பவர் மயங்கி விழ முடியாது.

ஐந்து வயது மகனுக்கு நான்கு பல் சொத்தை. “ஊசி போட மாட்டாங்கடா” என்று சொல்லி அழைத்துப் போகலாமா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

தயவுசெய்து வேண்டாம், அம்மா. பயிற்சி டாக்டராக இருந்தபோது நானும் அந்தப் பொய்யைச் சொன்னேன். ஆறு வயதுப் பையன். சிரிஞ்சை முதுகுக்குப் பின்னால் மறைத்துக் கொண்டுவந்தேன், கடைசி நொடியில் பார்த்துவிட்டான். அழவில்லை. “ஊசி இல்லைன்னு சொன்னீங்கல்ல?” என்று மட்டும் கேட்டான். அதன் பிறகு மூன்று முறை அவன் அம்மா அழைத்து வந்தும் என்னிடம் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

‘வலிக்கவே வலிக்காது’ என்பதும் பொய்தான், ‘வலி’ என்ற சொல்லையும் குழந்தையின் மனதில் அதுவே முதலில் போடுகிறது. “டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பார். என்ன செய்யணுமோ உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வார்” என்பது போதும். குழந்தைகள் பல் மருத்துவர்கள் பின்பற்றும் முறையும் அதுதான்: முதலில் சொல்வது, பிறகு காட்டுவது, அப்புறம் செய்வது. காற்றுக் குழாயைக் குழந்தையின் உள்ளங்கையில் ஊதிக் காட்டுவார்கள், சுழலும் தூரிகையை நகத்தில் வைத்துக் காட்டுவார்கள். ஈறில் முதலில் ஜெல் தடவி, ஓரிரு நிமிடம் விட்டுத்தான் ஊசி.

இன்னொன்று, வீட்டில் பாட்டி, சித்தி எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்: “சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்” என்று இனி யாரும் மிரட்டக்கூடாது. விழப்போகிற பால் பல்தானே என்றும் விட்டுவிடாதீர்கள். பின்பக்கப் பால் பற்கள் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை. சிகிச்சை முடிந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் அவன் உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்த உதட்டைக் குழந்தைகள் விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிவிடுவார்கள். இன்னொரு குழந்தை பிறந்தால், முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை சும்மா அழைத்துப் போய்க் காட்டுங்கள். முதல் சந்திப்பு வலியோடு இல்லாமல் இருப்பதே பாதி மருந்து.

கண்ணாடியை வாயில் வைத்தாலே குமட்டுகிறது.
– சேலம்

மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். அளவெடுக்கும்போதும் எக்ஸ்ரேயின்போதும் ஒரு காலைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக் கவனம் முழுதையும் அதில் வையுங்கள். எளிய தந்திரம்தான், பெரும்பாலும் பலிக்கிறது. மருத்துவரிடம் நிமிர்ந்து உட்கார்ந்தபடி செய்யக் கேளுங்கள். வீட்டில் பிரஷ்ஷின் பின்பக்கத்தை நாக்கில் வைத்து, தினம் கொஞ்சம் உள்ளே நகர்த்திப் பழகலாம்.

என் கணவர் தைரியத்துக்கு என்று குடித்துவிட்டுத்தான் பல் எடுக்கப் போவேன் என்கிறார்.
– விருதுநகர்

தடுத்துவிடுங்கள். குடித்திருந்தால் ரத்தப்போக்கு கூடலாம், கொடுக்கும் மாத்திரைகளோடு மோதும், என்ன செய்யப்போகிறார்கள் என்பதைக் கேட்டுச் சம்மதிக்கும் தெளிவும் அவருக்கு இருக்காது. பெரும்பாலான மருத்துவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயத்தைக் குறைக்க முறையான மருந்துகள் இருக்கின்றன. அடுத்த பதிலை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

தூங்க வைத்துச் செய்ய முடியாதா?
– சென்னை

முடியும். முதல் படி நைட்ரஸ் ஆக்சைடு. மூக்கில் வைக்கும் முகமூடி வழியே ஆக்சிஜனோடு கலந்து தருவார்கள். தூங்க மாட்டீர்கள், எதுவும் பெரிதாகப் படாது. நிறுத்திவிட்டு ஆக்சிஜன் கொடுத்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். 1844-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், இந்த வாயுவைத் தானே சுவாசித்துத் தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவைத்தார். இரண்டு வருடம் கழித்து பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து உலகுக்குக் காட்டிய மார்ட்டனும் பல் மருத்துவர்தான். மயக்க மருந்தைத் தேடி அலைந்தவர்களில் எங்கள் ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அடுத்த படி, அரைத் தூக்கத்தில் வைக்கும் மிடசோலம் போன்ற மருந்து. அதற்கு மயக்கவியல் பயிற்சி பெற்றவர் அருகில் இருக்க வேண்டும், வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும், அன்று வண்டி ஓட்டக்கூடாது. முழு மயக்கம் கடைசி வழி, அதை மருத்துவமனையில் மட்டும்தான் செய்துகொள்ள வேண்டும். ஆனால் தூங்கி எழுந்தால் வேலை முடிந்திருக்கும், பயம் அப்படியே இருக்கும். அவசர வேலையை மயக்கத்தில் முடித்துக்கொண்டு, சிறிய வேலைகளை விழித்திருந்து செய்துகொள்ளப் பழகுங்கள் என்பேன்.

20 வருஷமாக வெற்றிலை, புகையிலை. பல்லெல்லாம் கறை, பார்த்தால் டாக்டர் திட்டுவார். இப்போது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு தடம். புற்றுநோய் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் போகாமல் இருக்கிறேன்.
– லாரி ஓட்டுநர், நாமக்கல்

தம்பி, இந்த வாரமே போங்கள். வெள்ளைத் தடம் எல்லாம் புற்றுநோய் ஆவதில்லை, பெரும்பாலானவை ஆகாமலே போகின்றன. எது ஆகும், எது ஆகாது என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது இல்லை. சந்தேகம் இருந்தால் மரக்க வைத்துச் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தடத்தில் சிவப்பு, வாய்க்குள் மூன்று விரல் நுழையாத அளவுக்கு இறுக்கம் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக்கூடாது. அப்படி எதுவும் வந்திருந்தாலும், தொடக்கத்தில் பிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

செலவை நினைத்துத் தயங்கினால், மாவட்ட அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. கறைக்காகத் திட்டுவார்களோ என்றால், அரசு மருத்துவமனையில் ஒரே காலையில் உங்கள் வாயைப் போலப் பத்து வாயைப் பார்த்திருப்பார்கள். யாராவது கடிந்துகொண்டாலும் அங்கேயே உட்கார்ந்து சோதனையை முடித்துக்கொண்டு எழுந்திருங்கள்.

போவதற்கு முன் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: தடம் எந்தப் பக்கம், பார்த்து எத்தனை நாளாகிறது, காரம் பட்டால் எரிகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை முறை புகையிலை போடுகிறீர்கள். பேச வாய் வராவிட்டால் அந்தக் காகிதத்தை நீட்டிவிடுங்கள்.